கத்தியும் கைநாட்டும்: கென்யாவில் ஒரு சடங்கின் வரலாறு

அந்நிய ஆட்சியாளன் ஒரு கொடுமையைக் கண்டிக்கும்போது, அவ்வாட்சியை எதிர்த்து நிற்போர் யாது செய்தல் வேண்டும்? கொடுமை கொடுமைதான் என்று சொல்லி ஆட்சியாளனின் பக்கத்தில் நிற்பதா? எம் மரபிற் கைவைக்க நீ யார் என்று கேட்டு அக்கொடுமைக்கே காவல் நிற்பதா? குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளின் சமுதாய வரலாற்றைப் பயில்வோர் இவ்வினாவைப் பல இடங்களிற் சந்திப்பர். அதனை மிகக் கூர்மையாக எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று கிழக்காபிரிக்காவிலுள்ள கென்யாவில் 1929 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பெண்பிள்ளைகளின் பிறப்புறுப்பை அறுக்கும் சடங்கைப் பற்றியது அது. பேசக் கூசும் பொருள் என்று கருதி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அக்கூச்சமே இச்சடங்கு நீடித்து வாழ்வதற்கான காரணங்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. ஆதலின் நாம் இதனை வெளிப்படையாகவே ஆராய்வோம்.

முன்பு பெண் விருத்தசேதனம் என்று வழங்கப்பட்ட இதனை இன்று உலக சுகாதார ஸ்தாபனம் பெண்ணுறுப்புச் சிதைப்பு என்று குறிக்கின்றது. வெளியுறுப்பின் ஒரு பகுதியைக் கீறுதல் அல்லது வெட்டுதல் தொடக்கம், உறுப்புகளை முற்றாக அறுத்து எஞ்சியதைத் தைத்து மூடிவிடுதல் வரை, இதன் வகைகள் பலவாகும். மருத்துவ நோக்கில் இதனால் யாதொரு நன்மையும் இல்லை. குருதிப்பெருக்கு, சீழ்பிடித்தல், மகப்பேற்றின்போது உண்டாகும் இடர், சில வேளைகளில் மரணம் ஆகியனவே இதன் விளைவுகள். 30க்கு மேற்பட்ட நாடுகளில் இன்று வாழும் பெண்களுள் 23 கோடிக்கு மேற்பட்டோர் இதற்கு ஆளானோர் என்று ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் 2024 இல் மதிப்பிட்டது. அவர்களுள் 14 கோடிக்கு மேற்பட்டோர் ஆபிரிக்காவிலும், ஏறத்தாழ 8 கோடிப்பேர் ஆசியாவிலும் வாழ்கின்றனர். எனவே இதனை ஆபிரிக்காவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று கொள்வது பிழையாகும்.

கென்யாவின் நடுப்பகுதியிலுள்ள மேட்டுநிலத்தில் வாழும் கிக்கூயு மக்களிடையே இச்சடங்கு 'இருவா' எனப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அது உரியதாயிருந்தது. சிறுபராயத்திலிருந்து வளர்ந்தோர் நிலைக்குச் செல்லும் வாயில் அதுவே. ஒரே காலத்தில் இருவா பெற்றோர் ஒரு வயதுக் குழாத்தினராகக் கணிக்கப்பட்டனர். அக்குழாத்துக்கு ஒரு பெயரும் இடப்பட்டது. எழுதப்பட்ட வரலாறு இல்லாத சமுதாயத்திலே, இப்பெயர் வரிசையே காலக்கணக்காகவும் பயன்பட்டது. சடங்கையொட்டி ஆடலும் பாடலும் நிகழ்ந்தன; ஒழுக்கமும் இனத்தின் வழமைகளும் கற்பிக்கப்பட்டன. இருவா பெறாத பெண்ணை எவரும் மணம் முடிக்கமாட்டார். அவள் எத்தனை வயதினளாயினும் சிறுமியாகவே கருதப்படுவாள். பெண்ணுக்கு அச்சடங்கைச் செய்து வைப்பவளும் ஒரு பெண்ணே. அதனை மேற்பார்வை செய்தோர் முதுபெண்டிர். ஆண்கள் மேலோங்கிய அச்சமுதாயத்தில் அம்முதியவருக்குக் கிடைத்த செல்வாக்குக்கு இச்சடங்கு ஒரு முக்கிய ஆதாரமாக விளங்கிற்று.

தான் பட்ட வேதனையை நன்கறிந்த தாயொருத்தி தன் மகளை மீண்டும் அதே கத்தியின் முன் கொண்டுபோய் நிறுத்துவது ஏன் என்பது பலர்க்கும் விளங்காத புதிராகும். அவள் கொடியவள் என்பதோ அறியாதவள் என்பதோ விடையாகாது. ஊரிலுள்ள பெண்களெல்லாம் இருவா பெற்றோராய் இருக்கையில், ஒரு தாய் மட்டும் தன் மகளை விலக்கி வைப்பின், அம்மகளுக்கு மணவாழ்வும் காணியில் உரிமையும் ஊரில் மதிப்பும் இல்லையாகிவிடும். அந்நிலையில் மகளின் நலத்தை நாடுவதே அவளை வெட்டுக்கு உட்படுத்துவதாய் முடிகிறது. நம் நாட்டுச் சீதன வழக்கத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். சீதனத்தை வெறுக்காத தகப்பன் எவன்? ஆயினும் தனியொருவனாய் நின்று அதனை மறுப்பவனின் மகள் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். மரபு என்பது பழைய நம்பிக்கை மாத்திரமன்று. ஒருவரையொருவர் நோக்கி நிற்கும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பின்னிய வலையும் ஆகும். தனி ஒருவரால் அவ்வலையை அறுத்தல் அரிது.

இத்தகைய சமுதாயத்தின் மீதே ஆங்கில ஆட்சி வந்து படிந்தது. கிக்கூயு மக்களின் வளமிக்க காணிகளிற் பெரும்பகுதி வெள்ளைக் குடியேறிகளுக்கு வழங்கப்பட்டது. 1915 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் ஆபிரிக்கரை அவர்தம் சொந்த நிலத்திலேயே அரசின் தயவில் தங்கியிருப்போராக்கிற்று. 1840 இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட முடிக்குரிய காணிச் சட்டமும், அதன்பின் மலைநாட்டிற் பரவிய தோட்டங்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. குடிசை வரியைக் கட்டுவதற்காக ஆண்கள் வெள்ளையரின் பண்ணைகளுக்குக் கூலிகளாய்ச் செல்ல நேர்ந்தது. வேலைக்குச் செல்லும் ஒவ்வோர் ஆணும் 'கிப்பாண்டே' எனும் பதிவுச் சீட்டைத் தன்னுடன் வைத்திருத்தல் கட்டாயமாயிற்று. அச்சீட்டில் அவனது கைரேகை பதிக்கப்பட்டிருந்தது. இக்கைரேகையை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். பின்வரும் வரலாற்றில் அது மீண்டும் தோன்றும்.

பெண்களும் இவ்வொடுக்குமுறைக்கு விலக்கானவரல்லர். பெண்களையும் சிறுமிகளையும் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்வதை எதிர்த்தவர்களுள் ஒருவர் ஹரி துக்கு எனும் இளைஞர். 1922 மார்ச்சில் அவர் கைதுசெய்யப்பட்டபோது நைரோபியில் மக்கள் திரண்டனர். ஆண்கள் பின்வாங்கத் தொடங்கிய வேளையில் மேரி முதோனி நியாஞ்சிரு என்ற பெண் அவர்களை இடித்துரைத்து முன்னே சென்றார். பொலிசார் சுட்டதில் இறந்தோருள் அவரும் ஒருவர். கிக்கூயுப் பெண்கள் குரலற்றோராய் இருந்தனர் என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை மறந்துவிடுகின்றனர்.

இந்நிலையிற் கல்வி பெறுவதற்கு மக்களுக்கிருந்த ஒரே வழி கிறித்தவ மிஷன் பாடசாலைகளே. ஸ்கொத்லாந்துத் திருச்சபை மிஷன் 1906 முதலாகவே இருவாவுக்கு எதிராகப் போதித்து வந்தது. அதன் தலைவராயிருந்த டொக்டர் ஜோன் ஆர்தர் ஒரு மருத்துவர். மிஷன் மருத்துவமனைகளில் மகப்பேற்றுக்கு வந்த பெண்கள் பட்ட துன்பத்தை அவர்கள் நேரிற் கண்டிருந்தனர். ஆதலின் அவர்களுடைய கண்டனத்தை வெறும் வேடம் என்று நாம் தள்ளிவிடல் இயலாது. ஆயின் அக்கண்டனத்தைச் செயற்படுத்த அவர்கள் கைக்கொண்ட வழியே பெருங்கேட்டுக்கு வித்திட்டது.

1929 மார்ச்சில் துமுதுமு எனும் இடத்திற் புரட்டஸ்தாந்து மிஷன்களின் மகாநாடு ஒன்று கூடிற்று. இருவா தீய வழக்கம் என்றும், அதனைக் கைவிடாத உறுப்பினரைச் சபையிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும் என்றும் அங்கு தீர்மானிக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில், சில மிஷன்கள் தம் உறுப்பினரிடமும் ஆசிரியரிடமும் ஓர் உறுதிமொழியை வேண்டின. இச்சடங்கைக் கைவிடுவதாகவும், கிக்கூயு மத்திய சங்கத்தோடு தொடர்பு கொள்வதில்லை என்றும் அவர்கள் கையொப்பம் இடவேண்டும்; எழுதத் தெரியாதோர் பெருவிரலைப் பதிக்கவேண்டும். இந்தக் கைநாட்டைக் கிக்கூயு மக்கள் 'கிரோரே' என்றனர்.

கிக்கூயு மத்திய சங்கம் 1924 இல் தோன்றியது. பறிபோன காணியை மீட்பதே அதன் முதன்மையான கோரிக்கை. ஜோமோ கென்யாட்டா 1928 இல் அதன் பொதுச் செயலாளரானார். ஆக, பெண்பிள்ளையின் உடலைக் காப்பதற்கென்று வந்த உறுதிமொழி, காணி கேட்கும் சங்கத்தைக் கைவிடுமாறும் கேட்டது. இரண்டு விடயங்கள் ஒரே தாளில் எழுதப்பட்டன. கிப்பாண்டேயிற் கைரேகை பதித்துப் பழகிய மக்களுக்கு, பாதிரியார் நீட்டிய தாளும் அதே ஆட்சியின் தாளாகவே தோன்றியதில் வியப்பில்லை. இருவா பெறாத பெண்களை வெள்ளையர் மணந்து, அவ்வழியே எஞ்சிய காணியையும் கவர்ந்துகொள்வர் என்ற அச்சம் ஊரெங்கும் பரவிற்று. அச்செய்தி உண்மையன்று. ஆனால் காணியை இழந்த மக்களின் அனுபவம் அதற்கு வலுவூட்டிற்று.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. ஸ்கொத்லாந்து மிஷனின் உறுப்பினர்களிற் பெரும்பாலோர் சில வாரங்களுள் அதனை விட்டு நீங்கினர். பாடசாலைகள் வெறிதாயின. பாதிரிமாரையும் அவர்க்குத் துணைநின்ற தலைவர்களையும் எள்ளி நகையாடும் 'முதிரிகு' எனும் ஆடற்பாடல் ஊர்தோறும் பரவியது. 1930 சனவரியில் அரசு அதனைத் தடைசெய்தது. அதே மாதத்தின் தொடக்கத்தில் கிஜாபே என்னும் இடத்தில் ஹுல்டா ஸ்டம்ப் எனும் அமெரிக்க மிஷன் ஊழியர் கொலையுண்டார். இப்பூசலோடு தொடர்புபடுத்தி அக்கொலை எங்கும் பேசப்பட்டது. அங்கிலிக்கன் மிஷன் இவ்விடயத்தில் அத்துணைக் கடுமை காட்டவில்லை. கத்தோலிக்கர் ஒதுங்கியே நின்றனர். அவர்களுக்கு இத்தகைய பேரிழப்பு ஏற்படவில்லை என்பதும் ஒப்புநோக்கத்தக்கது.

மிஷனை விட்டு நீங்கிய மக்கள் கல்வியை விட்டு நீங்கவில்லை. தாமே பணம் சேர்த்து, தாமே மண்சுவர் எழுப்பிச் சுதந்திரப் பாடசாலைகளை நிறுவினர். கிக்கூயு சுதந்திரப் பாடசாலைச் சங்கம், கிக்கூயு காரிங்கா கல்விச் சங்கம் என இரு இயக்கங்கள் அவற்றை நடத்தின. 1939 இல் கிதுங்குரியில் ஓர் ஆசிரியர் கல்லூரியும் தோன்றிற்று. பிற்காலத்தில் அந்நிய ஆட்சியை எதிர்த்த தலைமுறையை உருவாக்கியதில் இப்பாடசாலைகளுக்குப் பெரும் பங்குண்டு. அதனாலேயே 1952 இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும் அவை மூடப்பட்டன. ஆசிரியரும் மாணவரும் பெருமையோடு படிக்கவேண்டிய வரலாறு இது. ஆனால் அப்பெருமையின் அடியில் ஒரு முரண்பாடும் கிடக்கின்றது. மக்கள் விடுதலைக்கு வித்திட்ட அப்பாடசாலைகளின் பிறப்பு, சிறுமிகளை வெட்டும் உரிமையைக் காப்பதோடு பிணைந்திருந்தது. பிரித்தானியர் ஒரே தாளிற் பிணைத்த இரண்டையும் தேசியவாதிகளும் பிரித்துப் பார்த்தாரில்லை.

இப்பூசல் இலண்டன் வரை எட்டிற்று. 1929 டிசம்பரில் அதோல் சீமாட்டி பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இதனை எடுத்துப் பேசினார். எலினர் ரத்போனும் அவருடன் சேர்ந்து குரல் கொடுத்தார். அப்போது இலண்டனிலிருந்த கென்யாட்டா, பின்னர் அங்கு மலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் பயின்று, 1938 இல் 'கென்ய மலையை நோக்கி' என்னும் நூலை வெளியிட்டார். இருவா என்பது வெறும் வெட்டன்று, இனத்தின் கல்வியும் ஒழுக்கமும் சமுதாய அமைப்பும் அதிலேயே தங்கியுள்ளன, அதனை ஒழிப்பது அவ்வமைப்பையே சிதைப்பதாகும் என்பது அவரது வாதம். ஆபிரிக்கரைக் காட்டுமிராண்டிகள் என்று இகழ்ந்தோர்க்கு அந்நூல் தக்க விடையே. எனினும் அவ்வாதத்தில் ஒரு பெருங்குறை உண்டு. சடங்கின் பயன்களை எல்லாம் சமுதாயத்தின் கணக்கில் எழுதிய அவர், அதன் வேதனையை எவருடைய கணக்கிலும் எழுதவில்லை.

இத்தகைய நிலைப்பாடு கென்யாவுக்கு மட்டும் உரியதன்று. 1891 இல் இந்தியாவில் உடலுறவுக்கான சம்மத வயதைப் 10 இலிருந்து 12 ஆக உயர்த்தும் சட்டம் வந்தபோது, அதனைத் தீவிரமாக எதிர்த்தவர் திலகர். அதற்கு முந்திய ஆண்டில், வங்காளத்திலே புல்மோனி என்ற சிறுமி கணவனின் செயலால் இறந்திருந்தாள். இருப்பினும், அந்நிய அரசு எம் வழக்கங்களில் தலையிடலாகாது என்பதே திலகரின் வாதமாயிற்று. ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர்களுள் தலைசிறந்த ஒருவர் ஒரு சிறுமியின் துன்பத்தின் முன் எவ்வாறு தடுமாறினார் என்பதற்கு இது சான்று.

அவ்வாறாயின் இரு சாராரும் காணாத மூன்றாவது வழி ஒன்று அக்காலத்தில் இருந்ததா? இருந்தது. அது பெண்களிடமிருந்தே வந்தது. துமுதுமுவைச் சார்ந்த கிக்கூயுக் கிறித்தவப் பெண்கள் சிலர் 'ங்கோ யா துய்ரிது', அதாவது இளம் பெண்களின் கேடயம், என்ற பெயரில் ஒரு சங்கமாய்க் கூடியிருந்தனர். 1931 டிசம்பரில் அவர்கள் தென் நியேரி மாவட்ட உள்ளூர்ச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினர். பிள்ளை பெறாதவரும் அந்நோவை அறியாதவருமான ஆண்கள் இதனைப் பற்றி முடிவு செய்வது வியப்பாயுள்ளது என்றனர். இதனாற் சிலர் இறப்பதையும் சிலர் மலடாவதையும் எடுத்துக் காட்டினர். எவரையும் ஆட்டைப் பிடிப்பதுபோற் பிடித்து வெட்டலாகாது, தன் உடலைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அவளவளுக்கே உரியது என்று வேண்டினர். அது பாதிரிமாரின் தடையுமன்று, சங்கத்தாரின் காவலுமன்று. வெட்டுக்கு உட்படுபவளே பேசவேண்டும் என்ற கோரிக்கை அது. அக்கோரிக்கை நாட்டின் சட்டத்தில் இடம்பெற ஏறத்தாழ 80 ஆண்டுகள் சென்றன.

இடைப்பட்ட காலத்தில், மேலிருந்து வரும் கட்டளையின் இயல்பை மேரு மாவட்டம் நன்கு காட்டிற்று. கென்ய மலையின் கிழக்குச் சாரலில் வாழும் மேரு மக்களிடையே பெண்களுக்கு இச்சடங்கு மணத்துக்குச் சற்று முன்னரே செய்யப்பட்டு வந்தது. சடங்கு பெறுமுன் கருவுற்ற பெண்கள் கருவைச் சிதைத்தல் வழக்கம். மக்கள்தொகை குன்றுமென்று அஞ்சிய ஆங்கில உத்தியோகத்தர், சடங்கை இளவயதிலேயே செய்துவிடுமாறு 1930களில் வற்புறுத்தினர். பொலிசாரின் துணையோடு சிறுமிகள் கூட்டங் கூட்டமாக வெட்டப்பட்டனர். சில ஆண்டுகள் சென்றபின் அதே ஆட்சி எதிர்த்திசையில் திரும்பிற்று. 1956 இல், அவசரகால அடக்குமுறை நிலவிய வேளையில், உத்தியோகத்தரின் ஊக்குவிப்போடு ஞூரி ஞ்செக்கே எனும் முதியோர் அவை பெண்களுக்கான வெட்டை முற்றாகத் தடைசெய்தது. அவ்வவையில் இருந்தோர் அனைவரும் ஆண்கள்.

தடைக்கு மேருச் சிறுமிகள் அளித்த விடை அதிர்ச்சி தருவது. சவர அலகை எடுத்துக்கொண்டு காட்டுக்குட் சென்று, ஒருவரையொருவர் தாமே வெட்டிக்கொண்டனர். 'என்னை நானே வெட்டிக்கொள்வேன்' எனப் பொருள்படும் 'ங்கைத்தானா' என்பது அவர்களுக்குப் பெயராயிற்று. 1956 க்கும் 1959 க்கும் இடையில் 2,400க்கு மேற்பட்ட சிறுமிகளும் பெண்களும் ஆண்களும் இத்தடையை மீறியதற்காக ஆபிரிக்க நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டனர். பலர் தண்டப்பணம் கட்டினர். சிலர் சிறை சென்றனர். இச்சிறுமிகளை மூடநம்பிக்கையின் அடிமைகள் என்று சொல்லிவிடல் எளிது. ஆனால் அவர்கள் அஞ்சியது கத்திக்கன்று. சடங்கு பெறாமல், என்றென்றும் சிறுமியராய், மணமற்றோராய் நின்றுவிடுவதற்கே அஞ்சினர். பெண்ணாக மதிக்கப்படுவதற்கு வேறு வழி எதனையும் திறந்து வைக்காமல், இருந்த ஒரு வழியைச் சட்டம் அடைத்தது. அடைபட்ட வழியில் அவர்கள் சவர அலகோடு நுழைந்தனர்.

சூடானிலும் நிகழ்ந்தது இதுவே. அங்கு 1946 இல் ஆங்கில ஆட்சி உறுப்பைத் தைத்து மூடும் வகையைத் தடைசெய்தது. ருஃபா எனும் ஊரில், தன் மகளுக்கு அச்சடங்கைச் செய்வித்த தாயொருத்தி சிறையிடப்பட்டபோது, மஹ்மூத் முஹம்மத் தாஹாவின் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்து அவளை மீட்டனர். தாஹா இச்சடங்கை விரும்பியவரல்லர். அந்நியச் சட்டத்தையே அவர் எதிர்த்தார். அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. சூடான் இதனை மீண்டும் தெளிவாகக் குற்றமாக்கியது 2020 இல், சர்வாதிகார ஆட்சியை வீழ்த்திய மக்கள் எழுச்சிக்குப் பின்னரே. அவ்வெழுச்சியிற் பெண்கள் முன்வரிசையில் நின்றனர் என்பதை நாம் அறிவோம்.

கென்யா 1963 இல் விடுதலை பெற்றது. விடுதலை பெற்றதும் இப்பிரச்சினை தானே தீர்ந்துவிடவில்லை. கென்யாட்டாவின் ஆட்சிக்காலத்திற் சட்டம் எதுவும் வரவில்லை. அவர்க்குப்பின் வந்த மோய் 1982 இல் இவ்வழக்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆயினும் 1996 இற்கூட இதனைத் தடைசெய்யும் பிரேரணை பாராளுமன்றத்திற் தோல்வியுற்றது. ஆனால் அதே 1996 இல், மேருவுக்கு அயலிலுள்ள தராக்கா பகுதியில் ஒரு புதிய முயற்சி தொடங்கிற்று. மெண்டெலியோ யா வனவாக்கே எனும் மாதர் இயக்கத்தின் துணையோடு, சில குடும்பங்கள் தம் பெண்பிள்ளைகளுக்குக் கத்தியில்லாத சடங்கை நடத்தின. பிள்ளைகள் சில நாட்கள் ஒதுங்கியிருந்து கற்றனர். பின்னர் ஆடல் பாடலோடு ஊரார் முன் வளர்ந்த பெண்களாய் வரவேற்கப்பட்டனர். 'சொல்லால் விருத்தசேதனம்' எனப் பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. ங்கைத்தானாச் சிறுமிகளுக்கு 1956 இல் திறக்கப்படாத வழி 40 ஆண்டுகளின் பின் இவ்வாறு திறக்கப்பட்டது. கென்யாட்டா சிறப்பித்துப் பேசிய கல்வியையும் ஒழுக்கத்தையும் தோழமையையும் வெட்டிலிருந்து பிரித்தெடுத்தல் இயலும் என்பதையும் அது காட்டிற்று.

சட்டமும் படிப்படியாக வந்தது. 2001 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரை வெட்டுவதைத் தடைசெய்தது. 2010 இன் அரசியலமைப்பு, எவரையும் ஒரு பண்பாட்டு வழக்கத்துக்கோ சடங்குக்கோ கட்டாயப்படுத்தலாகாது என விதித்தது. 1931 இற் பெண்கள் எழுதிய கடிதத்தின் சாரத்தை நாம் இங்கே காண்கின்றோம். 2011 இல் தனிச்சட்டம் நிறைவேறிற்று. அதனைப் பாராளுமன்றத்திற் கொணர்ந்தவர் லீனா ஜெபி கிலிமோ எனும் பெண் உறுப்பினர். இளமையிலேயே இவ்வெட்டை மறுத்து நின்றவர் அவர். வெட்டுவோர்க்குக் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை அல்லது 200,000 ஷில்லிங் தண்டம். இறப்பு நேரின் ஆயுட்சிறை. வெட்டப்படாத பெண்ணையும் அவளை மணந்தவனையும் இழித்துப் பேசுவதையும் இச்சட்டம் குற்றமாக்கிற்று. முன்னர்க் கூறிய வலையின் முடிச்சு எங்கே உள்ளது என்பதை அறிந்தோரே இவ்விதியை எழுதியிருத்தல் கூடும். வயதுவந்த பெண்ணின் சுதந்திரத்தை இச்சட்டம் பறிப்பதாக ஒரு பெண் மருத்துவர் தொடுத்த வழக்கை 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தள்ளிற்று. சமுதாய நெருக்குதலின் கீழ் அளிக்கப்படும் சம்மதம் முழுமையான சம்மதமாகாது என்பது அத்தீர்ப்பின் முக்கிய கருத்தாகும்.

பலன் யாது? 15 தொடக்கம் 49 வயது வரையுள்ள கென்யப் பெண்களுள் வெட்டுக்கு ஆளானோர் 1998 இல் நூற்றுக்கு 38 பேர். 2014 இல் 21 பேர். 2022 இல் 15 பேர். வீழ்ச்சி சட்டத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதை இக்கணக்கை ஆண்டுவாரியாக நோக்குவோர் காண்பர். 2008, 2009 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்பிலேயே அது 27 ஆகக் குறைந்திருந்தது. பெண்கல்வி பரவியதும் நகர வாழ்வு விரிந்ததும் மாதர் இயக்கங்களின் இடைவிடாத உழைப்பும் வலையைத் தளர்த்தின. தளர்ந்த இடத்திற் சட்டம் வந்து துணைநின்றது. தளராத இடங்களும் உள. வடகிழக்கில் வாழும் சோமாலி மக்களிடையே 2014 இல் நூற்றுக்கு 94 பெண்கள் வெட்டுக்கு ஆளானோராய் இருந்தனர். பாடசாலையும் பாதையும் மருத்துவமனையும் நெடுங்காலமாக மறுக்கப்பட்ட பகுதி அது. ஏனைய உரிமைகளை எல்லாம் தாராத அரசு கத்தியைப் பறிக்க மட்டும் வரும்போது, மக்கள் அதனை ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை.

வலையைச் சேர்ந்தே அறுக்கலாம் என்பதற்கு மேற்காபிரிக்காவின் செனகல் நாடு நல்ல உதாரணம். 1997 சூலையில் மலிக்குண்டா பம்பாரா எனும் ஊர்ப் பெண்கள், இனி எம் பிள்ளைகளை வெட்டமாட்டோம் என்று பலரறியச் சூளுரைத்தனர். தெம்பா ஜவாரா எனும் முதிய இமாம் இதிற் சிந்தனை செலுத்தினார். ஓர் ஊர் மட்டும் கைவிட்டாற் போதாது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்தே முடிவு செய்யவேண்டும் என உணர்ந்து, ஊர் ஊராக நடந்து சென்று பேசினார். பின்னர்ப் பல ஊர்கள் கூட்டாகச் சூளுரைத்தன. 1999 இல் சட்டமும் வந்தது. எனினும் சட்டம் வந்துவிட்டதென ஓய்ந்திருத்தலும் ஆகாது. அயலிலுள்ள காம்பியா 2015 இல் இயற்றிய தடையை நீக்கும் மசோதா 2024 இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு வந்தது. பெண்களும் மருத்துவர்களும் மேற்கொண்ட கடும் முயற்சியின் பின், அவ்வாண்டு சூலையில் அது தோற்கடிக்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. இலங்கையின் முஸ்லிம் சமூகத்திலும் 'கத்னா' என்ற பெயரில், பிறந்து சில வாரங்களே ஆன பெண்குழந்தைகளுக்கு இச்சடங்கின் ஒரு வடிவம் செய்யப்பட்டு வந்துள்ளது. அதனைச் செய்பவரை ஒஸ்தா மாமி என்பர். இதனை முதலில் வெளிக்கொணர்ந்து பாராளுமன்றக் குழுவொன்றின் முன் முறையிட்டோர் அச்சமூகத்தின் பெண்களே. 2018 இல் சுகாதார அமைச்சு, மருத்துவத் துறையினர் இதனைச் செய்யலாகாது எனச் சுற்றுநிருபம் அனுப்பிற்று. அதே 2018 மார்ச்சிலேதான் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. ஒரு சமூகத்தை இழிவுபடுத்தக் காத்திருப்போர் அச்சமூகத்துப் பெண்களின் துன்பத்தையும் தமக்கு ஆயுதமாக்குவர். அதனைக் காட்டி, வெளியார்க்கு இடங்கொடாமல் வாய்மூடி இருங்கள் என்று அப்பெண்களை அடக்குவோரும் இருப்பர். 1929 இல் கிக்கூயுப் பெண்கள் அகப்பட்டுக்கொண்ட இடம் இதுவே.

முற்போக்காளர் இவ்விடத்திற் கொள்ளவேண்டிய நிலைப்பாட்டை வரலாறு நமக்குத் தெளிவாகவே கூறுகின்றது. ஒடுக்குவோன் ஒரு வழக்கத்தைக் கண்டிக்கிறான் என்பதால் அவ்வழக்கம் விடுதலைக்குரியதாகிவிடாது. வழக்கம் கொடியது என்பதால் ஒடுக்குவோனின் கை தூய்மையாகிவிடாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கைநாட்டுக் கேட்போர் எவராயினும், தாளை இரண்டாகக் கிழித்து இரண்டுக்கும் தனித்தனியே விடை கூறுவதே நம் கடமை. காணிக்காகப் போராடும் சங்கமும் வேண்டும். இளம் பெண்களின் கேடயமும் வேண்டும். சட்டம் தேவை, ஆனால் அது எவர் உடலைப் பற்றியதோ, அவர்கள் அதனை ஆக்குவோருள் இருத்தல் வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப்பொறுப்பு உண்டு. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை தன் உடலைப் பற்றியும் தன் வீட்டு வழக்கங்களைப் பற்றியும் வெட்கமின்றிக் கேள்வி கேட்கவும், அக்கேள்விக்கு ஏளனமோ தண்டனையோ இன்றி விடை பெறவும் அங்கே இடமிருத்தல் வேண்டும். 1931 இல் அக்கடிதத்தை எழுதிய பெண்கள் எழுத்தை ஒரு பாடசாலையிலேதான் கற்றனர்.